வட்டியும் கையும்: கூடை முடையும் கல்வியின் வரலாறு
(மும்பை சீத்தா கேம்ப்பை முன்வைத்து)

முன்னுரை

முதுகலைத் தமிழ் வகுப்பில் ஐங்குறுநூறு பாடமாக நடைபெறும்போது 'வட்டி' என்னும் சொல் எதிர்ப்படுகின்றது. மாணவர் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது கடனுக்குச் செலுத்தும் வட்டியே. 'வட்டி என்றால் இங்கே கூடை' என்று பொருள் கூறிவிட்டு ஆசிரியர் அடுத்த அடிக்குச் சென்றுவிடுகின்றார். இக்கட்டுரையாளரும் சில ஆண்டுகள் அவ்வாறே செய்திருக்கின்றார். அக்கூடை எத்தாவரத்தால் ஆனது, அதனை முடைந்தவர் யார், முடையும் திறத்தை அவர் யாரிடம் எவ்வாறு கற்றார் என்னும் வினாக்கள் வகுப்பறையில் எழுவதில்லை. கூடையின் வரலாற்றில் அக்கல்வியின் வரலாறும் அடங்கும் என்பதால் இவ்வினாக்கள் விடுபடக் கூடாதவை.

ஒரு தொழில் அழிந்தது என்னும்போது 'இளைய தலைமுறையினர் கற்க விரும்பவில்லை' என்று காரணம் கூறுவது வழக்கமாக உள்ளது. இக்காரணம் எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது. இதற்குச் சங்க இலக்கியச் சான்றுகள், தொல்காப்பிய மரபியல், ஓலை முடைதலின் செய்முறைச் சொற்கள், தமிழகக் கல்வி வரலாறு ஆகியன எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவற்றால் பெறப்படும் கருத்து, மும்பையில் தமிழர் கணிசமாக வாழும் சீத்தா கேம்ப் என்னும் குடியிருப்பின் சூழலில் வைத்துச் சோதிக்கப்படுகின்றது. பனை நிலத்திலிருந்து பெருநகருக்கு வந்த மக்களிடம் ஒரு கைத்திறன் நிலைபெற எவையெவை வேண்டும் என்பதை இடப்பெயர்வின் வரலாறு தெளிவாகக் காட்டுதலின் இக்களம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

1. சங்க இலக்கியத்தில் வட்டி

கோவூர் கிழார் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்றுப் பாடலில் (33) ஒரு பண்டமாற்றுக் காட்சி இடம்பெறுகின்றது. வேட்டுவன் மான் தசையை வட்டியில் கொண்டுவருகின்றான். ஆய்மகள் தயிரைத் தசும்பில் கொண்டுவருகின்றாள். உழவர் மனைப் பெண்டிர் அவற்றைப் பெற்றுக்கொண்டு குளத்தின் கீழ் விளைந்த நெல்லை முகந்து தருகின்றனர். நீர்மப் பொருளுக்கு மண்கலம், திண்மப் பொருளுக்கு முடைந்த கலம் என்னும் பாகுபாட்டை இக்காட்சி உணர்த்துகின்றது.

ஓரம்போகியாரின் மருதப் பாடல் ஒன்றில் (ஐங்குறுநூறு 47) பாண்மகள் கெடிற்றுமீனை வட்டியிலிருந்து கொட்டுகின்றாள். வெறுமையான அவ்வட்டி நிறைய மனையோள் பயறு இட்டு அனுப்புகின்றாள். மீன் கொண்டுவந்த கூடையே பயற்றை அளக்கும் கலமாகவும் மாறுகின்றது. நாணயப் புழக்கம் குறைந்த ஊர்ப்புறப் பொருளாதாரத்தில் வட்டி கலமாகவும் அளவையாகவும் ஒருங்கே பயன்பட்டது என்பதை இதனால் அறியமுடிகின்றது. பனையோலையைக் குவித்து அமைத்த பனங்குடையில் உணவு உண்ணும் வழக்கமும் புறநானூற்றில் (177) சுட்டப்படுகின்றது.

இப்பாடல்களில் கூடை உண்டு, சுமப்பவர் உண்டு, நிறைப்பவர் உண்டு. முடைந்தவர் இல்லை. முடையும் கையைக் காண வேறொரு பாடலுக்குச் செல்லவேண்டும். சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளியின் போர் விரைவைப் பாடும் சாத்தந்தையார் (புறநானூறு 82), கட்டில் பின்னும் ஒருவனை உவமையாக்குகின்றார். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழையோடு மாலைப்பொழுது. இத்தனை நெருக்கடிக்கு இடையில் அவன் கையிலுள்ள ஊசி, வாரைச் செலுத்தி விரையும் விரைவே மன்னனின் போர் விரைவுக்கு ஒப்பாகின்றது. ஒரு வேந்தனின் ஆற்றலை அளக்கப் புலவர் தேர்ந்தது ஒரு தொழிலாளியின் கைவிரைவு. ஆயின் அத்தொழிலாளியை அப்பாடல் 'இழிசினன்' என்றே குறிக்கின்றது. கையைப் போற்றிக் கைக்குரியவனைத் தாழ்த்தும் இம்முரண், பின்வந்த நூற்றாண்டுகளில் முடைதல் தொழிலின் சமூக வரலாறு முழுவதிலும் தொடர்வதைக் காணலாம்.

2. புல்லும் மரமும்: தொல்காப்பியப் பாகுபாடு

தாவரங்களைத் தொல்காப்பிய மரபியல் வயிரத்தின் இருப்பிடம் கொண்டு இரண்டாகப் பகுக்கின்றது. புறத்தே வயிரம் உடையன புல். அகத்தே வயிரம் உடையன மரம். இதன்படி பனையும் மூங்கிலும் புல்லினத்தைச் சாரும். புல்லினத்தின் உறுப்புப் பெயர்களாகத் தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ், பாளை, ஈர்க்கு, குலை முதலியவற்றையும் மரபியல் தொகுத்துரைக்கின்றது.

இப்பாகுபாட்டை இலக்கண ஆசிரியர் தாவரவியல் நோக்கில் செய்தார் என்பதே பொதுவாகக் கூறப்படும் விளக்கம். முடைபவரின் நோக்கில் இதற்கு மேலும் ஒரு பொருத்தம் உண்டு. அகவயிரம் உடைய மரத்தைப் பிளந்தால் பலகை கிடைக்கும். புறவயிரம் உடைய மூங்கிலைப் பிளந்தால் வளையும் பிளாச்சு கிடைக்கும். பனையின் மட்டையை உரித்தால் நாரும், ஓலையைக் கிழித்தால் நீண்ட கீற்றும் கிடைக்கும். புல்லின் வலிமை புறத்தே நெடுக ஓடுவதால்தான் அது முடைவதற்கு உதவுகின்றது. எனவே தொல்காப்பியர் கூறும் புல் என்னும் வகை, கூடை முடைபவரின் மூலப்பொருள் வகையோடு பெரிதும் ஒத்துச்செல்கின்றது எனலாம்.

தமிழரின் முடைதல் மரபில் பனையே முதலிடம் பெறுகின்றது. பனையின் பயன்களாக 801-ஐத் 'தால விலாசம்' என்னும் நூல் எண்ணிக் கூறுவதாகக் குறிப்பிடுவர். 1978-ஆம் ஆண்டு பனை தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. தொல்காப்பியர் புல் என்றதை அரசு மரம் என்று சிறப்பித்தது என இதனை வேடிக்கையாகக் கூறலாம். ஆயின் புல்லா மரமா என்னும் வினா, முடைபவரின் வாழ்வில் வேடிக்கையாக முடியவில்லை என்பது பின்னர் விளக்கப்படும்.

3. முடைதலைக் கற்கும் முறை

ஓலை முடைதல் என்பது ஒரே செயல் அன்று, செயல்களின் தொடர். அத்தொடரின் ஒவ்வொரு கண்ணிக்கும் தமிழில் தனிச்சொல் உண்டு. ஓலையின் பருவத்தைக் குருத்தோலை, சாரோலை, காவோலை என்று பிரித்தறிவது முதற்பாடம். குருத்தோலை வெண்மையும் மென்மையும் உடையது. சிறு பெட்டிகளுக்கும் அழகுப் பொருள்களுக்கும் ஏற்றது. அதற்கடுத்த நிலையில் உள்ள சாரோலை பாய்க்கும் பெட்டிக்கும் ஏற்றது. முற்றி உலர்ந்த காவோலை முடைவதற்கு ஒடிந்துவிடும். அடுப்புக்கும் வேலிக்கும் போகும். காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்னும் பழமொழி, இப்பருவங்களை நாள்தோறும் கண்டவர் வாயில் பிறந்தது.

வெட்டிய ஓலையை வெயிலில் உலர்த்துவர். பின்னர்ப் பனியில் இட்டோ நீர் தெளித்தோ பதப்படுத்துவர். ஈர்க்கை நீக்கி, ஓலையை ஒரே அகலமுள்ள கீற்றுகளாகக் கிழிப்பது வார்தல் எனப்படும். கீற்றின் அகலம் மாறினால் பெட்டி கோணும். ஆதலின் வார்தலில் கை பழகிய பின்னரே முடைதலுக்கு இடந்தருவது முறை. ஒன்று மேலும் ஒன்று கீழுமாகக் கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்கும் கோத்து முதலில் அடிப்பகுதியை அமைப்பர். அடிப்பகுதி சதுரம். நான்கு மூலைகளிலும் கீற்றுகளை மடக்கித் திருப்பும்போது பின்னல் சாய்வாக மேலேறுகின்றது. மேலேறி முடியும் வாய்ப்பகுதி வட்டம். சதுரத்தில் தொடங்கியது வட்டத்தில் முடிவதே இக்கலையின் நுட்பம். மூலை திருப்புதலைச் சொல்லால் விளக்க இயலாது. கற்பிப்பவர் செய்துகாட்டுவார், கற்பவர் தவறாகச் செய்வார், கற்பிப்பவர் பிரித்துவிட்டு மீண்டும் செய்யச் சொல்வார். இறுதியாக வாய் விளிம்பை மடித்து, பனைமட்டையிலிருந்து உரித்த அகணி நாரால் பொத்துவர்.

முடைதல் என்று தமிழகத்தில் வழங்குவது யாழ்ப்பாணத்தில் இழைத்தல் என வழங்குகின்றது. பொருளின் பெயர்களும் இடந்தோறும் விரிகின்றன. செட்டிநாட்டிலும் இராமநாதபுரத்திலும் கொட்டான்; தென்மாவட்டங்களில் கடகப்பெட்டி, நார்ப்பெட்டி, சுளகு; யாழ்ப்பாணத்தில் கடகம், புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, வெற்றிலை வைக்கும் கொட்டப்பெட்டி, பனங்கட்டி வார்க்கும் குட்டான், பண்டம் கொண்டுசெல்லும் உமல் என ஒவ்வொரு பயனுக்கும் ஒரு வடிவமும் ஒரு பெயரும் அமைந்தன.

இக்கல்வி எங்கே தொடங்கியது? ஓலைக் காற்றாடி, ஓலைப் பந்து, கிலுகிலுப்பை ஆகிய விளையாட்டுப் பொருள்களில் தொடங்கியது எனலாம். ஓலைப் பந்து செய்யும் குழந்தை, கீற்றை மேல் கீழாகக் கோக்கவும் மூலை திருப்பவும் தான் கற்கின்றோம் என்று அறியாமலேயே கற்கின்றது. பெட்டிக்கு உதவாத துண்டு ஓலையே அக்குழந்தையின் பாடநூல். அத்துண்டு கிடைக்க வேண்டுமாயின் வீட்டில் யாரேனும் முடைந்துகொண்டிருக்க வேண்டும். வீட்டில் முடைய வேண்டுமாயின் ஓலை வீடுவரை வர வேண்டும். பனையேறுபவர், ஓலை கழிப்பவர், சுமப்பவர் என்னும் வரிசை அறுபடாதவரை இக்கல்வி தனியே 'கற்பிக்கப்படாமல்' நிகழ்ந்தது.

இச்செய்முறையிலிருந்து கற்றலுக்குரிய நான்கு அடிப்படைகளை வருவிக்கலாம். முதலாவது தாவரம். இரண்டாவது அத்தாவரத்தை எட்டும் உரிமை. மூன்றாவது உலர்த்தவும் பரப்பவும் முற்றமும், பழகுவதற்குப் பொழுதும். நான்காவது முடைந்ததைக் கொள்வார். கற்பவரின் விருப்பம் இந்நான்கும் அமைந்த பின்னரே செயற்படத்தக்கது.

4. குலத்தொழிலும் கல்வியும்

முடைதல் மரபை ஆராய்பவர் அதன் இனிமையை மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. யார் முடையக் கற்றார் என்பதைப் பெரும்பாலும் பிறப்பே முடிவு செய்தது. மூங்கிற் கூடையும் முறமும் கட்டுதல் குறவர் சமூகத்தாரின் தொழில்களுள் ஒன்று. 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் தொகுதி, உப்பு, கறிவேப்பிலை முதலிய பண்டங்களாலும் தொழில்களாலும் பெயர்பெற்ற குறவர் பிரிவுகளைப் பதிவு செய்துள்ளது. ஊர் ஊராகச் சென்று விற்ற இம்மக்களில் பலர், 1871-இல் தோன்றி 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீங்கியது. கூடை விற்கச் செல்வதற்கு ஊர் கடக்க வேண்டும். ஊர் கடப்பதையே அச்சட்டம் ஐயத்திற்குரிய செயலாக்கியது.

குறவஞ்சி இலக்கியத்தின் குறத்தியை நாம் குறி சொல்பவளாகவே கற்பிக்கின்றோம். அவள் இடுப்பிலுள்ள கூடை அணியழகின் ஒரு பகுதியாகக் கருதப்படுகின்றது. அக்கூடை அவள் கையால் அமைந்த தொழிற்பொருள் என்னும் நோக்கில் குறவஞ்சி நூல்களை மீண்டும் வாசிக்க இடமுண்டு.

இதே முடைதல் செட்டிநாட்டில் வேறு நிலையில் விளங்கியது. அங்கு நகரத்தார் இல்லத்து ஆச்சிமார் ஓய்வுப் பொழுதில் பனையோலைக் கொட்டான் முடைந்தனர். திருமணத்திலும் சடங்குகளிலும் சீர்ப்பொருள் வைக்க அவை பயன்பட்டன. ஒரே பின்னல் ஒரு வீட்டில் பொழுதுபோக்கு. மற்றொரு வீட்டில் கூலி. ஓரிடத்தில் பெண்ணின் திறமை. மற்றோரிடத்தில் குலத்தின் அடையாளம்.

தொழிலையும் கல்வியையும் இணைக்கும் முயற்சிகள் இப்பின்னணியில் நோக்கத்தக்கன. 1937-இல் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையே கல்வியின் ஊடகமாகக் கொண்டது. எல்லாக் குழந்தைகளும் ஒரு கைத்தொழிலின் வழியே கற்கவேண்டும் என்பது அதன் கொள்கை. 1953-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் இதிலிருந்து ஓர் இன்றியமையாத இடத்தில் வேறுபட்டது. பள்ளி நேரம் பாதியாகக் குறைக்கப்பட்டு, மீதிப் பொழுதில் குழந்தைகள் தம் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும் என்று அது கூறியது. 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் சூட்டிப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரான பின்னர்த் திட்டம் கைவிடப்பட்டது.

இவ்விவாதம் ஓய்ந்துவிடவில்லை. 2023 செப்டம்பரில் நடுவண் அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கூடை, பாய், துடைப்பம் செய்தலும் ஒன்று. குடும்பத் தொழில் என்னும் வரையறையை நீக்கவும் குறைந்த வயதை 35-ஆக உயர்த்தவும் வேண்டிய தமிழ்நாடு அரசு, 2024-இல் அத்திட்டத்தை அதன் அப்போதைய வடிவில் ஏற்க இயலாது எனத் தெரிவித்தது. பின்னர் 2025-இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 1953-இல் எழுந்த வினாவே 70 ஆண்டுகள் கழித்து மீண்டும் எழுந்தது. கூடை முடையக் கற்றல் எவருக்கும் திறந்த கல்வியா, முடைந்தவர் பிள்ளைக்கு மட்டும் விதிக்கப்பட்ட கல்வியா என்பதே அவ்வினா. முடைதல் கல்வியை மீட்டெடுக்க விழைபவர் எவரும் இவ்வினாவுக்கு விடை கூறாமல் மேலே செல்ல இயலாது.

5. சீத்தா கேம்ப்: தாவரம் உண்டு, உரிமை இல்லை

திருநெல்வேலி முதலிய தென்மாவட்டங்களிலிருந்து தமிழர் பம்பாய்க்குப் பெயர்ந்த வரலாறு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே காணப்படுகின்றது. தாராவியின் தோல் தொழில் வளர்ச்சியில் அவர்களின் பங்கு நன்கு அறியப்பட்டது. தாராவியும் மாதுங்காவும் பெற்ற கவனத்தைச் செம்பூருக்குக் கிழக்கே டிராம்பேப் பகுதியில் உள்ள சீத்தா கேம்ப் பெறவில்லை.

சீத்தா கேம்ப் மக்கள் தாமாகத் தேர்ந்து குடியேறிய இடம் அன்று. மான்கூர்டுக்கு அருகில் ஜனதா காலனி என்னும் குடியிருப்பு இருந்தது. 1954-இல் டிராம்பேயில் தொடங்கப்பெற்று 1967-இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர்மாற்றம் பெற்ற நிறுவனத்தின் தேவைக்காக அந்நிலம் கோரப்பட்டது. மக்கள் நீதிமன்றத்தையும் தில்லியையும் நாடினர். கோலார் தங்கவயல் தமிழரான ஜோக்கின் அற்புதம் இப்போராட்டத்தில் முன்னின்றார். குடிசைவாழ் மக்களுக்காக அவர் ஆற்றிய பணிக்கு 2000-இல் மகசேசே விருது கிடைத்தது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில், காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் என்று குறிக்கப்படும் அம்மக்கள் கடற்கழியை ஒட்டிய சதுப்பு நிலத்திற்கு மாற்றப்பட்டனர். ஊரிலிருந்து பம்பாய்க்கு வந்தது முதற் பெயர்வு. அங்கே அமைத்த வாழ்விலிருந்து சதுப்புக்குச் சென்றது மறுபெயர்வு.

முன்னர்க் கூறிய நான்கு அடிப்படைகளை இச்சூழலில் பொருத்திக் காண்போம். முதலாவதாகிய தாவரத்தைப் பொறுத்தவரை, சீத்தா கேம்ப்பின் விளிம்பில் நிற்பவை அலையாத்தி மரங்கள். அவற்றின் இலை முடைவதற்கு உதவாது. ஆயினும் மும்பை பனையற்ற நகரன்று. தாட்தேவ் என்னும் இடப்பெயரைப் பனையோடு தொடர்புபடுத்திக் கூறுவர். கோடைதோறும் மும்பைத் தெருக்களில் நுங்கு, 'தாட்கோளா' என்னும் பெயரில் விற்கப்படுகின்றது. கொங்கண மண்ணில் ஈச்சமும் மூங்கிலும் உண்டு. எனவே முடையத்தக்க தாவரம் இல்லை என்று கூறுதற்கில்லை.

இரண்டாவதாகிய உரிமையில்தான் தடை நேர்கின்றது. மராட்டிய நிலத்தில் பனையும் தென்னையும் சீவுதல் பண்டாரிகளின் மரபுத்தொழில். மூங்கிற் கூடையும் முறமும் புரூட் சமூகத்தாரின் தொழில். ஈச்ச ஓலையால் துடைப்பம் கட்டுதல் மாதங்கர் தொழிலாக இருந்தது. தீபாவளியன்று அத்துடைப்பம் இலட்சுமியாக வழிபடப்படுகின்றது. தமிழகத்தில் தாவரத்திற்கும் குலத்திற்கும் இருந்த பிணைப்பு இங்கும் வேறு பெயர்களில் நிலவியது. புதிதாக வந்த தமிழ்க் குடும்பத்துக்குப் பனை கண்ணில் படலாம். அதன் ஓலை கைக்கு எட்டுவதில்லை. ஓலை கழித்துத் தரும் பனையேறி அங்கு அவர்களுக்கு உறவினரோ ஊராரோ அல்லர்.

உரிமையைச் சட்டமும் வரையறுத்தது. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், 'மரம்' என்னும் சொல்லில் பனையினத்தையும் மூங்கிலையும் பிரம்பையும் அடக்கியது. தொல்காப்பியர் புல் என்று வகுத்ததைச் சட்டம் மரம் என்றது. அதனால் மூங்கிலை வெட்டவும் எடுத்துச்செல்லவும் அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. 2006-இன் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனவிளைபொருள் என்றது. அதன்வழி 2011-இல் மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து மேண்டா (லேக்கா) என்னும் சிற்றூரின் கிராமசபை, மூங்கிலை எடுத்துச்செல்லும் சீட்டைத் தானே வழங்கும் உரிமை பெற்றது. 2017-இல் வனச் சட்டத்தின் மரம் பற்றிய வரையறையிலிருந்து மூங்கில் நீக்கப்பட்டது. பனையினமும் பிரம்பும் நீக்கப்படவில்லை. ஒரு சொல்லின் பொருள் வரையறை முடைபவரின் அடுப்பை எவ்வாறு தீண்டும் என்பதற்கு இது தக்க சான்று. சொற்பொருளை ஆராய்வோர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

மூன்றாவதாகிய முற்றமும் பொழுதும் நெருக்கமான நகர்ப்புறக் குடியிருப்பில் அரியவை. ஓலை உலர்த்த வெயில் படும் தரை வேண்டும். பனியில் இட வெளி வேண்டும். வீட்டு வாயிலே பொதுவழியாக உள்ள இடத்தில் இதற்கு வாய்ப்பில்லை. நாட்கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கு ஒரு குழந்தையை அருகிருத்தி மூலை திருப்பக் கற்பிக்கும் பொழுதும் வாய்ப்பதில்லை. நான்காவதாகிய கொள்வாரைப் பொறுத்தவரை, நெகிழிப் பையும் தகரப் பெட்டியும் மலிந்த சந்தையில் ஓலைப்பெட்டிக்கு அன்றாடத் தேவை குறைந்தது.

ஆகவே இத்தகைய சூழலில் ஒரு தலைமுறை முடையக் கற்கவில்லை எனின், அது விருப்பமின்மையால் நேர்ந்தது எனல் பொருந்தாது. நான்கு அடிப்படைகளில் ஒன்றேனும் முழுமையாக அமையாதபோது விருப்பம் எழுவதற்கே இடமில்லை.

6. கை மறக்கவில்லை: வயர்க்கூடை தரும் சான்று

தாவரம் கைவிட்டுப்போனாலும் பின்னும் விழைவு அழிவதில்லை என்பதற்கு வயர்க்கூடை சான்றாகும். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெகிழி வயர் சுருள்கள் கடைகளில் கிடைக்கத் தொடங்கியதும் தமிழ்ப் பெண்கள் அவற்றால் கூடை பின்னத் தொடங்கினர். பள்ளிக்கும் சந்தைக்கும் அலுவலகத்துக்கும் அக்கூடைகள் சென்றன. சிவன்கண், நெல்லிக்காய், பிஸ்கட் என முடிச்சுகளுக்குப் பெயர்கள் பிறந்தன.

அமைப்பு நோக்கில் வயர்க்கூடை ஓலைப்பெட்டியின் நேர் வாரிசு அன்று. ஓலை முடைதலில் கீற்றுகள் மேல் கீழாகக் கோக்கப்படுகின்றன. வயர்க்கூடையில் ஒவ்வொரு சந்திப்பும் முடிச்சிடப்படுகின்றது. ஆயின் கற்கும் முறை ஒன்றே. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அமர்ந்து, பார்த்து, தவறிப் பிரித்து, மீண்டும் முடிதல் என்பதே இங்கும் வழி. வேறுபாடு யாதெனில், வயரை வாங்கக் குலமோ மரமோ முற்றமோ வேண்டுவதில்லை. சில உருவாயும் ஒரு கடையும் போதும். உரிமைத் தடை நீங்கியவுடன் பிறப்பு வேறுபாடின்றிப் பெண்கள் கற்றனர் என்பது இவ்வாய்வுக்கு முதன்மையான செய்தி. தடையாக நின்றது கற்பவரின் மனம் அன்று என்பதை இது உறுதிப்படுத்துகின்றது.

செட்டிநாட்டுக் கொட்டானின் மீட்சியும் இதனையே காட்டுகின்றது. ஆச்சிமாரிடையே அக்கலை அருகிய நிலையில், விசாலாட்சி இராமசாமி நிறுவிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை 2000-க்குப் பின்னர் ஊர்ப்புறப் பெண்களுக்குப் பயிற்சியளித்தது. பழங்கொட்டான்கள் மாதிரிகளாயின. ஓலையும் சந்தையும் ஒருசேர உறுதிசெய்யப்பட்டன. 2013-இல் செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு சமூகத்துப் பெண்டிர் இல்லத்தில் பேணிய கலையை, கூலியும் மதிப்பும் பெறும் தொழிலாகப் பிற பெண்கள் கற்றனர். பிறப்புவழிக் கல்வி விருப்பவழிக் கல்வியாக மாறியதே இங்குக் கருதத்தக்கது.

மூலப்பொருளின் பக்கம் தமிழ்நாட்டில் ஒரு முயற்சி நிகழ்ந்துள்ளது. 2021-ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனை வளர்ப்புக்கான திட்டத்தோடு, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதும் அறிவிக்கப்பட்டது. மரத்தைக் காத்தல் முதற்படி. ஏறுவார் இன்றி நிற்கும் பனை முடைபவருக்கு மும்பைப் பனையைப் போன்றதே. காணலாம், எட்ட இயலாது.

7. தமிழ்த்துறைகளின் கடமை

மேற்கண்டவற்றால் தமிழாய்வுக்குச் சில கடமைகள் புலனாகின்றன. வார்தல், பொத்துதல், அகணி, சாரோலை முதலிய சொற்களைச் சொல்லாக மட்டும் தொகுத்தால் அகராதிப் பொருள் கிடைக்கும். செயலோடு தொகுத்தால்தான் அறிவு கிடைக்கும். கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்கு அகராதியும் (1982) பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் (2000) வட்டாரச் சொற்களுக்கு வழிகாட்டின. தொழிற்சொற்களுக்கும் அத்தகைய தொகுப்பு முயற்சி வேண்டும். அம்முயற்சி தமிழகத்தோடு நில்லாமல் மும்பை போன்ற புலம்பெயர் களங்களுக்கும் செல்லவேண்டும். ஊரில் பொருள் வழக்கொழிந்த சொல், ஊரைவிட்டு வந்த முதியவர் நினைவில் எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. சீத்தா கேம்ப்பில் அவ்வாறு எஞ்சியிருக்கக் கூடிய சொற்கள், 1976-இல் இடம்பெயர்ந்த தலைமுறையோடு மறையும் முன் கேட்கப்படவேண்டும்.

மும்பை மாநகராட்சி நடத்தும் பள்ளிகளில் தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குப் புத்தகப் பை இல்லாத 10 நாட்கள் வைத்து உள்ளூர்க் கைவினைஞரிடம் கற்க இடந்தருகின்றது. அந்நாட்களில் முடையத் தெரிந்த ஒருவர் வகுப்புக்கு வரும்போது, அவர் ஆசிரியர் என்னும் மதிப்போடும் உரிய ஊதியத்தோடும் வரவேண்டும். வகுப்பிலுள்ள எல்லாக் குழந்தைகளும் கற்கவேண்டும். முடைபவர் வீட்டுக் குழந்தை விரும்பினால் மருத்துவமோ கணிதமோ கற்கத் தடை இருத்தலாகாது. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தால்தான் 1953-இன் நிழல் இக்கல்வியின் மீது படியாதிருக்கும்.

முடிவுரை

இக்கட்டுரையால் பெறப்பட்ட கருத்துகள் பின்வருமாறு:

1. சங்க இலக்கியத்தில் வட்டி பண்டமாற்றின் கலமாகவும் அளவையாகவும் விளங்கியது. பின்னும் கையின் திறம் போற்றப்பட்ட இடத்திலும் அக்கைக்குரியவர் தாழ்த்தப்பட்டார்.

2. தொல்காப்பியம் கூறும் புல், மரம் என்னும் பாகுபாடு முடைபவரின் மூலப்பொருள் அறிவோடு ஒத்துச்செல்கின்றது. 1927-ஆம் ஆண்டின் வனச் சட்டம் இதற்கு மாறான வரையறையைக் கொண்டு முடைபவரின் உரிமையைச் சுருக்கியது.

3. முடைதலைக் கற்கத் தாவரம், அதனை எட்டும் உரிமை, முற்றமும் பொழுதும், கொள்வார் என்னும் நான்கும் வேண்டும். சீத்தா கேம்ப் போன்ற, இடம்பெயர்க்கப்பட்ட மக்களின் குடியிருப்பில் இவை ஒருங்கே அமைய வழியில்லை.

4. வயர்க்கூடையும் செட்டிநாட்டுக் கொட்டானும் காட்டுவதுபோல், தடை நீங்கியபோது மக்கள் கற்க முன்வந்தனர்.

5. முடைதல் கல்வி நிலைபெற வேண்டுமாயின் அது குலத்திலிருந்து விடுபட்டு விருப்பத்தின் மேல் நிற்கவேண்டும்.

ஐங்குறுநூற்று மனையோள் பாண்மகளின் வட்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்பவில்லை. முடைபவரிடமிருந்து சொற்களைப் பெற்றுக்கொள்ளும் தமிழ்த்துறைகளும் அவர் கூடையை வெறுமையாகத் திருப்புதல் முறையாகாது. வகுப்பறையில் 'வட்டி என்றால் கூடை' என்று கூறும் ஆசிரியர், அடுத்த முறை ஓர் ஓலைப்பெட்டியையும் அதனை முடைந்தவரையும் உடன் அழைத்துவருவாராயின், அதுவே அவ்வட்டியில் இடும் முதற்பிடிப் பயறாக அமையும்.